ஜீப்ரா கிராசிங்கில் பைக் மோதினால்: “பார்த்துப் போயிருக்கலாமே” என்பது சட்டமா?

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு நகரில், ஆஸ்பத்திரி எதிரே என் அம்மா பூ விற்கிறார். வயது 58. மூன்று வாரங்களுக்கு முன் ஆஸ்பத்திரி வாசலில் உள்ள ஜீப்ரா கிராசிங்கில் சாலையைக் கடந்தார். அங்கே சிக்னல் கிடையாது. சாலை நடுவைத் தாண்டி வந்தவரைப் பார்த்து ஒரு கார் நின்றது. காரைக் கடந்து நடைபாதையை எட்டப்போகும் நேரத்தில், காரின் இடதுபுறமாக முந்தி வந்த மோட்டார் சைக்கிள் மோதிவிட்டது. இடது கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். காவல் நிலையத்தில் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். “வண்டி வருவதைப் பார்த்துப் போயிருக்கலாமே, கல்லூரியில் படிக்கிற பையன், பேசி முடித்துக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். வண்டி அந்தப் பையனின் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் 15,000 ரூபாய் தருவதாகவும், ஒரு தாளில் அம்மா கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்கிறார். சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டுக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்தத் தாளில் அம்மா கையெழுத்திட வேண்டாம். வெள்ளைக் கோட்டுக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு காகிதத்தில் ஏறினால்தான் உங்களுக்குப் பயன்படும். அதனால் அடுத்த சில நாட்களில் நீங்கள் செய்யும் வேலைதான் இந்த வழக்கைத் தீர்மானிக்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 118-வது பிரிவின் கீழ், வாகனம் ஓட்டுவதற்கான ஒழுங்குமுறைகளை மத்திய அரசு 2017-ல் வெளியிட்டது. சிக்னலோ போலீஸ்காரரோ இல்லாத பாதசாரிக் கடப்பிடத்தை நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும், நிற்க வேண்டும், நடப்பவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்று அது சொல்கிறது. நெரிசலில் முன்னே நகர வழியில்லாதபோது கோட்டின் மேல் வண்டியை ஏற்றி நிறுத்துவதும் தவறு. இது புதிதாக வந்ததும் அல்ல. 1989-ம் ஆண்டின் சாலை விதிகளே அத்தகைய கடப்பிடங்களில் முன்னுரிமை பாதசாரிக்குத்தான் என்றன. வழிவிடுவது ஓட்டுநர் காட்டும் பெருந்தன்மை என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். காவல் நிலையத்திலும் அதே நினைப்பு இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. உங்கள் அம்மா யாரிடமும் சலுகை கேட்கவில்லை. தமக்குச் சட்டம் தந்த உரிமையோடு நடந்தார்.

இந்த ஒழுங்குமுறைகளை மீறினாலே, யாருக்கும் காயம் படாவிட்டாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஏ பிரிவின் கீழ் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. விதிக்குப் புறம்பாக முந்துவதை 184-வது பிரிவு ஆபத்தான ஓட்டுதல் என்ற கணக்கில் சேர்க்கிறது. அதற்கு முதல் முறையே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம் என்பதால், குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125(பி) பிரிவுகளும் பொருந்தும். பின்னதில் மூன்று ஆண்டு வரை சிறை விதிக்க இடமிருக்கிறது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். “கார் மறைத்துவிட்டது, அந்த அம்மா திடீரென்று குறுக்கே வந்தார்” என்பார்கள். முதல் பாதி அவர்களுக்கே எதிரானது. கோட்டின் முன் ஒரு கார் நிற்கிறது என்றால் யாரோ கடக்கிறார் என்றுதான் பொருள். அந்த அறிகுறியைப் பார்த்த பின்னும், இடதுபுற இடைவெளியில் புகுந்து முந்துவதுதான் கவனக்குறைவு.

“திடீரென்று” என்ற சொல்லுக்கு விடை, மோதிய இடத்தில் இருக்கிறது. அம்மா எதிர்ப்புறத்திலிருந்து வந்து, சாலையின் பெரும்பகுதியைக் கடந்து, இடது ஓரத்தை எட்டும்போது அடிபட்டிருக்கிறார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர் திடீரென்று குதித்தவர் ஆக முடியாது. அவர் அப்படி நடந்தபோது வண்டி வந்த பக்கம் அவருடைய இடது பக்கம், முறிந்ததும் இடது கால். ஆனால் அவர் நடைபாதையிலிருந்து இறங்கினார் என்று யாராவது திசையை மாற்றி எழுதிவிட்டால், அதே இடம் அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். விபத்து வழக்குகளில் போலீஸ் தயாரிக்கும் பார்வை மகஜரையும் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடத்தையும் இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உன்னிப்பாகப் பார்க்கிறது. வரைபடத்தில் ஜீப்ரா கோடு இருக்கிறதா, கார் நின்ற இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா, அம்மா வந்த திசையும் மோதிய இடமும் சரியா என்பதை நீங்கள் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். கோடு விட்டுப்போயிருந்தால் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் எழுதப்பட்ட விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, இன்றே வாங்கிப் பாருங்கள். அவசரத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு “கீழே விழுந்து அடி” என்று எழுதியிருந்தால், இன்சூரன்ஸ் வழக்கறிஞர் முதலில் எடுப்பது அந்த ஒரு வரியைத்தான். அடுத்தது கேமரா. பல கடைகளில் பழைய பதிவுகள் சில வாரங்களில் அழிந்து, அவற்றின் மேல் புதியவை ஏறிவிடும். நீங்கள் ஏற்கெனவே மூன்று வாரம் தாண்டிவிட்டீர்கள். மருந்துக்கடை, டீக்கடை, ஆஸ்பத்திரி வாசல் என்று எங்கெல்லாம் கேமரா இருக்கிறதோ அங்கெல்லாம் பதிவைப் பாதுகாக்கும்படி இன்றே கடிதம் கொடுங்கள். பதிவின் நகல் கிடைத்தால் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63(4) பிரிவுப்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் சேர்த்து வாங்க வேண்டும். காரை நிறுத்திய அந்த ஓட்டுநரைக் கண்டுபிடிக்க முடிந்தால் அவரைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

கோடு தேய்ந்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தேய்ந்திருந்தால் இப்போதே தேதியுடன் படம் எடுங்கள். அந்தச் சாலை நகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று தெரிந்துகொண்டு, கடப்பிடம் எப்போது வரையப்பட்டது என்ற ஆவணத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கோயம்புத்தூர் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், தடையற்ற நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. நடப்பவரின் பாதுகாப்பை அதிகாரிகள் ஓரமாக ஒதுக்கிவைக்க இனி இடமில்லை.

சி.எஸ்.ஆர். என்பது புகார் பெற்றதற்கான ரசீது மட்டுமே. அதை மட்டும் வைத்து இழப்பீட்டு வழக்கை நடத்துவது கடினம். முதல் தகவல் அறிக்கை தேவை. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பதிவானதும் நகலை இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை.

இனி பணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவின்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்கலாம். பையனின் அப்பா சொல்லும் 15,000 ரூபாயை இதோடு வைத்துப் பாருங்கள். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது: அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166-வது பிரிவின் கீழ் தவறை நிரூபித்துக் கேட்கும் முழு இழப்பீட்டு மனு செல்லாமல் போய்விடும். பிளேட் வைத்த கால், 58 வயது, நாள் முழுவதும் தரையில் உட்கார்ந்து எழுந்து செய்யும் தொழில் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், 166-ஐக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் 164-க்கு ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வழக்கில் 2010-ல், உடல் ஊனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் குறைந்த சதவீதமும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. மருத்துவக் குழு 15 சதவீதம் என்று எழுதினாலும், இனித் தரையில் உட்காரவே முடியாத பூக்காரருக்கு இழப்பு அதைவிட அதிகமாக இருக்கலாம். சம்பளச் சீட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். சாலையோர வியாபாரி அடையாள அட்டை, சுயஉதவிக் குழுக் கடன் புத்தகம், பூ மொத்த வியாபாரியின் சீட்டு என்று கையில் இருப்பதைத் திரட்டுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் தீர்ப்பாயம் ஒரு வருமானத்தை நிர்ணயிக்கும்.

அம்மா மீதும் கொஞ்சம் தவறு என்று தீர்ப்பாயம் கருதினால், அந்த அளவுக்குத் தொகை குறையும். மனு அதனால் தள்ளுபடி ஆகாது. குற்ற வழக்கில் பையன் விடுதலையானாலும் இழப்பீட்டுக்குத் தடையில்லை என்பது, கருமாயி அம்மாள் வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொன்ன நிலை. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் நிறுவனம் கொடுக்கும், இல்லையென்றால் உரிமையாளரே கொடுக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது அந்த அப்பாதான். தாளில் கையெழுத்துக் கேட்பதன் காரணம் அதுவாகவும் இருக்கலாம். அவர் உண்மையாகவே சமரசம் விரும்பினால் மனுத் தாக்கலான பிறகு லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில், இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் வைத்துக்கொண்டு பேசலாம். இப்போது சிகிச்சைக்கு என்று பணம் கொடுத்தால், வாங்கிய தொகையை மட்டும் எழுதி ரசீது தாருங்கள். “இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்” என்ற வாசகம் அதில் இருக்கக் கூடாது.

மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். நீங்கள் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், பெண் என்ற முறையிலேயே, வருமான வரம்பு பார்க்காமல், உங்கள் அம்மாவுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஏ.ஆர். காப்பி, சி.எஸ்.ஆர். ரசீது, டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்துப் பில்கள் ஆகியவற்றோடு செல்லுங்கள். தொலைபேசியில் கேட்க 15100.