பெண் குழந்தைக்கு ‘எழினி’ என்று பெயர் வைக்கலாமா? அரிய பெயரா? மற்றவர்கள் வாயில் நுழையுமா?

வைக்கலாம். வைத்தவன்தான் சொல்கிறேன். என் மகள் எழினிக்கு இப்போது ஏழு வயது, புனேயில் இருக்கிறோம்.

அரிய பெயரா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் சொந்தத்தில் மட்டும் மூன்று யாழினி, இரண்டு மகிழினி. எழினி இவள் ஒருத்திதான். அந்த ‘இனி’ ஓசையை வைத்துத்தான் இதையும் பெண் பெயர் என்று எடுத்துக்கொள்கிறோம். பெயர்ப் பட்டியல்களில் ‘எழில் உடையவள்’ என்று போட்டிருந்தது, நானும் நம்பி வைத்துவிட்டேன். அப்புறம் தமிழாசிரியரான என் சித்தப்பா தொலைபேசியில் சிரித்தார். “ஏன்டா, பொண்ணுக்கு அதியமான் பேரையா வெச்சிருக்க?”

அவர் சொன்னது சரிதான். புறநானூற்றில் எழினி ஆண் பெயர். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரிப் பக்கத்தை, ஆண்ட அதியமான் குடியில் வழங்கிய பெயர் அது. அந்தக் குடியைச் சேர்ந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியிருக்கிறார். போரில் இறந்த எழினிக்காக அரிசில்கிழார் புலம்பும் பாட்டு 230ஆவது. இன்னொரு பொருளும் உண்டு: திரைச்சீலை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய அரங்கில் மூன்று வகை எழினி வருகிறது. ஒரு பக்கமிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்வது பொருமுக எழினி, மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. ஆக, என் மகள் பெயருக்கு ஒரு பொருள் போர் வீரன், இன்னொரு பொருள் நாடகத் திரை. இரண்டுமே அவள் குணத்துக்குப் பொருந்தித்தான் போகின்றன. எனக்கு வருத்தமில்லை. உங்கள் வீட்டில் இலக்கியம் படித்த பெரியவர் யாராவது இருந்தால் மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

உச்சரிப்புக்கு வருவோம். நாக்கின் நுனியை உள்பக்கம் மடித்து, அண்ணத்தைத் தொடாமல் நிறுத்தினால் ழ. தொட்டுவிட்டால் ள. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் நம் ஊரிலேயே பாதிப் பேர் தொட்டுவிடுகிறார்கள். திருநெல்வேலியில் இருக்கும் என் அம்மாவுக்கு இவள் இன்றுவரை ‘எளினி’தான். அப்புறம் பேச்சில் முன்னால் ஒரு ய் வேறு ஒட்டிக்கொள்ளும், ‘யெளினி’ என்று. அம்மா கூப்பிடுவதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

வெளியூரில் சிக்கல் ஆங்கில எழுத்தால் வருகிறது. இசட், எச் போட்டால் வட இந்தியர்கள் ‘எஜினி’ என்பார்கள், ‘எஸினி’ என்பார்கள். கோழிக்கோடு, ஆலப்புழை எல்லாம் இதே எழுத்தில் எழுதிப் பழகிய மலையாளிகள் மட்டும் பார்த்தவுடனே சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு தடுப்பூசி நாளில் கேரளத்துச் செவிலியர் ஒருவர் அழுத்தம் திருத்தமாக “எழினி” என்று கூப்பிட்டபோது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மராத்திக்காரர்களிடம் நான் “உங்கள் ள போட்டுச் சொல்லுங்கள், போதும்” என்று சொல்லிவிடுவேன். அவர்கள் மொழியில் ள இருக்கிறது, அம்மா கூப்பிடுகிற மாதிரியே வந்துவிடும். சோழமண்டலத்தைக் கோரமண்டல் ஆக்கியவர்களையே பார்த்துவிட்டோம், இது என்ன பெரிய விஷயம்.

உண்மையான தலைவலி காகிதத்தில்தான். பிறப்புச் சான்றிதழுக்கு என் மாமனார் ‘எல்’ போட்டு எழுதிக் கொடுத்துவிட்டார், ஆதாருக்கு நான் இசட், எச் போட்டேன். பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது இரண்டும் ஒரே குழந்தைதான் என்று நிரூபிக்க அலைந்தோம். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதை முதலில் வீட்டில் முடிவு செய்யுங்கள். அவசரம் வேண்டாம், பிறப்பைப் பதிந்தபின் ஓராண்டு வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம்.

நான்கு வயது வரை அவளுக்கே ழ வரவில்லை. பெயர் கேட்டால் “எயினி” என்பாள். இதையும் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இளவெயினின்னு சங்கத்துல பெண் புலவர்கள் உண்டு. நீ வெச்சதைவிட அவ சொல்றதுதான்டா பொம்பளப் பிள்ளை பேரு” என்றார்.