முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியது ஏன்?

முக்கியக் காரணம் வேகம். அதே எடை எண்ணெய் நிலக்கரியைவிடக் கூடுதல் வெப்பம் தரும். கப்பல் சீக்கிரம் வேகமெடுக்கும், அதிகத் தொலைவும் போகும். கொதிகலன் முன் அனலில் நின்று கரியை அள்ளிப் போட்ட தொழிலாளர்களையும் மறக்கக் கூடாது. எண்ணெய் குழாய் வழியே வந்துவிடும்.

சரி, சிக்கல் எங்கே? வேல்ஸில் நல்ல நிலக்கரி ஏராளம். எண்ணெய்க்கோ வெளிநாட்டைத்தான் நம்ப வேண்டும். 1908-இல் பாரசீகத்தின் (இன்றைய ஈரான்) மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் கிடைத்திருந்தது. 1912-இல், சர்ச்சில் கடற்படை அமைச்சராக இருந்தபோது, எண்ணெயில் மட்டும் ஓடும் குயின் எலிசபெத் வகைப் போர்க்கப்பல்களைக் கட்ட உத்தரவானது. 1914-இல், போர் தொடங்குவதற்குச் சற்று முன், அந்தப் பாரசீக எண்ணெயை எடுத்துவந்த ஆங்கிலோ-பெர்சியன் ஆயில் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை அரசே சுமார் 22 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பாரசீக அரசுக்கு, எண்ணெய் எடுக்கும் உரிமைக்கான 1901 ஒப்பந்தப்படி கிடைத்தது லாபத்தில் 16 சதவீதம்தான். எனக்கு அது பெரிய அநியாயமாகவே படுகிறது.