மாத்திரையை நிறுத்திய அம்மா

தம்பி, ஏற்காட்டில் இருக்கும் அம்மா டிபி மாத்திரையை மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டு, "கர்த்தர் சுகம் கொடுத்துட்டார், இனி போட்டா விசுவாசக் குறைவு" என்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். சேலத்தில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். எங்கம்மா சுகர் மாத்திரையை வேதாகமத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

வாதாடாதீர்கள். வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். சாகக் கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார், ஆயுசில் 15 வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தரும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் புண்ணில் பற்றுப் போட வைக்கிறார். எங்கம்மா இதில்தான் மடங்கினார். பாஸ்டர் மாத்திரை அட்டையைக் கையில் வைத்தே ஜெபித்தது இன்னும் உதவியது (எல்லா பாஸ்டரும் செய்ய மாட்டார்கள், பார்த்துக் கேளுங்கள்).

இருமல் நின்றதும் கிருமி போய்விடாது. சாதாரண டிபிக்கே 6 மாதம். பாதியில் விட்டால் மருந்துக்கே அடங்காத டிபியாக மாறலாம். விட்ட இடத்திலிருந்து நீங்களாக ஆரம்பிக்காமல், அட்டையோடு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மருந்து இலவசம்தான். கொண்டை ஊசி வளைவில் அம்மாவுக்கு வாந்தி வருமென்றால் சேலம்வரை இறங்க வேண்டாம், முதலில் ஏற்காட்டு ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். கூடவே இருப்பதால் நீங்களும் சளி, எக்ஸ்ரே பார்த்துவிடுங்கள்.