அப்பாவின் கை ஏன் தானாக வீசுகிறது?

கடலூர் முதுநகர் வாசகிக்கு,

உங்கள் அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் இல்லை. நெட்டில் படித்ததை மூட்டை கட்டி வையுங்கள். பார்க்கின்சன் நடுக்கம் மாதக்கணக்கில் மெள்ள வரும். ஞாயிறு காலை டீ குடித்துக்கொண்டிருந்தவரின் இடது கை திடீரென விசிறியடித்து டம்ளரைச் சுவரில் எறியாது.

கடைசி வரியில் கேட்டீர்களே, அதுதான் உங்கள் உண்மையான பயம்: "வாய் கோணவில்லை, பேச்சு குழறவில்லை, கையில் பலம் இருக்கிறது. பக்கவாதம் இல்லைதானே டாக்டர்?"

இருக்கலாம் அம்மா. பக்கவாதம் என்றால் கை விழுந்துபோகும் என்றுதான் நினைக்கிறோம். அபூர்வமாகச் சிலருக்குக் கை அடங்காமல் ஆடும். மூளையின் ஆழத்தில் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்று காராமணி அளவில் ஒன்று இருக்கிறது. வேண்டாத அசைவுகளுக்கு அது பிரேக் மாதிரி. வலது பக்கம் அங்கேயோ அக்கம்பக்கத்திலோ ரத்த ஓட்டம் அடைபட்டால், இடது கையும் காலும் தூக்கித் தூக்கிப் போடும். தூங்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். அதை வைத்து "வேண்டுமென்றே செய்கிறார்" என்று சித்தப்பா சொன்னதும், தாயத்து கட்டியதும்... சரி, விடுங்கள்.

சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அதுதான். சர்க்கரை 400, 500 என்று ஏறினாலும் ஒரு பக்கக் கை இதே மாதிரி ஆடும். இறக்கினால் பெரும்பாலும் அடங்கும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் போதும், தெரிந்துவிடும். அதற்காக மூளை ஸ்கேனை விட்டுவிடக் கூடாது.

திடீரென்று, ஒரே பக்கம். இந்த இரண்டும் சேர்ந்தால் அப்போதே 108-ஐக் கூப்பிட வேண்டும். அடைப்பு என்றால் உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நீங்களோ நான்கு நாள் மெடிக்கல் ஷாப்பில் நரம்புச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள்! போனது போகட்டும். அடுத்த அடைப்பைத் தடுக்கலாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ புதுச்சேரி ஜிப்மரோ, இதைப் படித்ததும் கிளம்புங்கள். ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ரத்தக் கசிவாலும் இப்படி ஆடும், ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. கையைத் துண்டால் கட்டிப்போடவும் வேண்டாம், பக்கத்தில் தலையணை வையுங்கள். ஆட்டத்தைக் குறைக்க மாத்திரை உண்டு. பலருக்குச் சில வாரங்களில் தானே தணியும்.

அப்புறம், உங்கள் கண் இமை துடிப்பதற்கு வைத்தியம் எதுவும் வேண்டாம். நான்கு இரவு தூங்காவிட்டால் எனக்கும் துடிக்கும்.