புற்றுநோய் வந்த பிள்ளையிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது?

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். பெற்றோர் கேட்ட சில கேள்விகளும் என் பதில்களும்.

மேடம், ஏழு வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய். காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அந்தப் பெயரையே எடுக்கக் கூடாது என்கிறார் மாமியார்.

காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும் என்று ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். இந்தச் சிகிச்சையோ பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடம் போகும். பக்கத்துக் கட்டில் பையன் பேசுவது, நீங்கள் வராந்தாவில் அழுதுவிட்டு முகம் கழுவி வருவது, எல்லாவற்றையும் அவன் கவனிக்கிறான். 1970களில் மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளோடு பழகி ஆராய்ந்தார். யாரும் சொல்லாமலே அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. பெற்றோர் மனம் நோகக் கூடாதென்று தெரியாத மாதிரியே இருந்தார்கள். உங்கள் மகனை அப்படித் தனியாக விட்டுவிடாதீர்கள்.

"உன் ரத்தத்துல சில அணுக்கள் தப்பா வளருது. அதுக்குப் பேர் ரத்தப் புற்றுநோய். அதைச் சரிபண்ணத்தான் இந்த மருந்து. நீ எந்தத் தப்பும் பண்ணல, இது யாருக்கும் ஒட்டாது." இவ்வளவு போதும். 'தப்பு பண்ணல' என்பதை விட்டுவிடாதீர்கள். தம்பியை அடித்ததால்தான் நோய் வந்தது என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. சொல்லும்போது மாமியாரும் கூட இருக்கட்டும்.

மகளுக்கு முதுகில் ஊசி போடப் போகிறார்கள். வலிக்காது என்று சொல்லலாமா அக்கா?

வேண்டாம். ஒரு முறை ஏமாந்தால் அடுத்த முறை நம்பமாட்டாள். "சுருக்குன்னு இருக்கும். அழலாம், ஆனா அசையக் கூடாது" என்று சொல்லுங்கள். சின்னக் குழந்தைக்கு அன்று காலையில் சொன்னால் போதும். இன்னொன்று: சிவப்பு நிற கீமோ மருந்து (டாக்ஸோரூபிசின்) ஏறினால் சிறுநீரும் ஓரிரு நாள் சிவப்பாகப் போகும். முன்பே சொல்லாவிட்டால் ரத்தம் என்று பிள்ளை நடுங்கிவிடும்.

மகளுக்கு 13 வயது. முடி கொட்டுகிறது, பேசவே மாட்டேன் என்கிறாள்.

"மொட்டை போட்ட மாதிரிதானே" என்று தேற்றாதீர்கள் சார். அவளுக்கு அது பெரிய இழப்பு. முன்னதாகவே வெட்டிக்கொள்வதா, தொப்பியா துப்பட்டாவா, பள்ளியில் யாரிடம் என்ன சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். டாக்டரிடம் அவள் தனியாகப் பேசவும் நேரம் கொடுங்கள். சிகிச்சை முடிந்ததும் முடி திரும்ப வளரும் என்பதை டாக்டர் வாயால் கேட்பது நல்லது.

சின்னவனுக்குத்தான் நோய். அண்ணன்காரன் எரிந்து விழுகிறான்.

அவனுக்கும் நோயைப் பற்றிச் சொல்லுங்கள். தினம் கொஞ்ச நேரம் அவனோடு மட்டும் இருங்கள்.

"நான் செத்துருவேனாப்பா?" என்று மகன் கேட்டான். பேச்சை மாற்றிவிட்டேன்.

அந்தக் கேள்வி அவன் மனதில் அப்படியேதான் இருக்கும். நீங்களாகவே ஆரம்பியுங்கள்: "அன்னைக்கு ஒண்ணு கேட்டியே, ஏன் அப்படித் தோணுச்சு?" சில நேரம் பக்கத்துக் கட்டில் காலியானதுதான் காரணமாக இருக்கும். சிகிச்சை பலன் தந்துகொண்டிருந்தால், "சில பேர் இறந்துபோறாங்க. நீ குணமாகணும்னுதான் இவ்வளவு மருந்தும்" என்று சொல்லலாம். குணமாக்க முடியாத நிலை என்றாலும் பேசத்தான் வேண்டும். புற்றுநோயில் பிள்ளையை இழந்த ஸ்வீடன் நாட்டுப் பெற்றோரிடம் கேட்ட ஆய்வு ஒன்று 2004-ல் வெளிவந்தது. மரணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசிய 147 பேரில் ஒருவர்கூடப் பேசியதற்காக வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள்.

அழுகை வந்தால் அவன் முன்னாலேயே அழலாம். பதில் தெரியாததற்கு "டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி அன்றைக்கே கேட்டுச் சொல்லிவிடுங்கள்.