தலைசுற்றலும் வைட்டமின் டி-யும்: காது மருத்துவர் பதில்கள்

வியாசர்பாடி: அப்பாவுக்கு வயது 68, சர்க்கரை உண்டு. நேற்றிலிருந்து சுற்றல் நிற்கவில்லை, பேச்சும் குழறுகிறது. வைட்டமின் டி பார்க்கலாமா?

முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதமாக இருக்கலாம். வைட்டமின் கதை அப்புறம்.

வண்ணாரப்பேட்டை: படுக்கையில் புரண்டாலே வீடு சுற்றுகிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. வைட்டமின் டி 11 தான். அதனாலா டாக்டர்?

நீங்கள் சொல்வது பிபிபிவி, அதாவது தலையின் நிலை மாறும்போது கொஞ்ச நேரம் வரும் சுற்றல் மாதிரி இருக்கிறதம்மா. உள்காதில் ஒரு சின்னப் பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். அவை கழன்று அரைவட்டக் குழாய்க்குள் விழுந்தால், தலையைத் திருப்பும்போது அங்குள்ள திரவத்தை அசைத்துவிடும். உடனே மூளை நாம் சுற்றுவதாக நினைத்துக்கொள்ளும். உடம்பு கால்சியத்தைக் கையாள வைட்டமின் டி வேண்டும். அது குறைந்தவர்களுக்கு இந்தத் தொல்லை திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கிறோம். ஆனால் இன்றைய சுற்றலை மாத்திரை நிறுத்தாது. தலையைச் சில கோணங்களில் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்கே அனுப்பும் எப்லி முறைதான் நிறுத்தும். எந்தக் காது என்று தெரியாமல் வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள்.

பெரம்பூர்: எப்லி செய்து சரியாகி, மறுபடி வந்துவிட்டது. வைட்டமின் டி சாப்பிட்டால் இனி வராதா?

வராது என்று சொல்ல மாட்டேன், குறையும். கொரியாவில் 8 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2020-இல் வெளியானது. ரத்தத்தில் வைட்டமின் டி அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு 400 யூனிட் வைட்டமின் டி, 500 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட், தினம் இரண்டு வேளை என ஒரு வருடம் கொடுத்தார்கள். சுற்றல் திரும்புவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. 20-க்கு மேல் இருந்தவர்களுக்கு மாத்திரையே தரவில்லை. அதனால் அளவு பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

காசிமேடு: 60,000 யூனிட் பாக்கெட்டைத் தினம் ஒன்று போட்டால் சீக்கிரம் ஏறுமா?

ஐயையோ, வேண்டாம் சார்! அது வழக்கமாக வாரம் ஒன்று, அதுவும் டாக்டர் சொல்லும் வாரங்களுக்கு மட்டும். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், கிட்னி பாதிப்பு வரை போகும். கிட்னியில் கல் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எண்ணூர்: சுற்றல் மணிக்கணக்கில் நீடிக்கிறது, ஒரு காதில் இரைச்சல், மந்தம்.

இது மெனியர் என்ற உள்காது நோயாக இருக்கலாம். முதலில் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் பரிசோதனை எடுங்கள்.

ராயபுரம்: தினம் காலை 6 மணிக்கு நடக்கிறேன். அந்த வெயில் போதாதா?

நடை நல்லது, விடாதீர்கள். ஆனால் வைட்டமின் டி-க்கு அந்த வெயில் உதவாது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில், கை கால் தெரிய கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் நின்றால் போதும், துணி காயப்போடும் சாக்கிலாவது. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது.