லொத்தர் வாங்க வரும் பெடியனிட்ட ஐடி கேட்பது எப்படி? கடைக்காரர் கேள்வி, என்ர பதில்

தென் லண்டனில் 19 வருசம் கடை வைத்திருந்தனான். இப்ப புதுசா கடை எடுக்கிற எங்கட ஆக்களுக்கு வேலை பழக்கிறன். வந்த கேள்விகளில் சிலதுக்கு இங்க பதில்.

ஹாரோவிலிருந்து ஒருவர்: அண்ணை, 16 வயதெண்டால் விற்கலாம்தானே? முந்தி நான் நிண்ட கடையில அப்படித்தான்.

அது பழைய கதை. 1994 நவம்பரில் பிரிட்டனில் தேசிய லொத்தர் தொடங்கினபோது 16. கடைகளில் 2021 ஒக்டோபர் 1இலிருந்து 18. லொட்டோ, யூரோமில்லியன்ஸ், சுரண்டிப் பார்க்கிற ஸ்கிராச் கார்ட் எல்லாத்துக்கும் இதுதான்.

ஈஸ்ட்ஹாம் தம்பி: சட்டம் 18 எண்டால், 25 வயதுக்காரரிட்டயும் ஏன் ஐடி கேட்கச் சொல்லுறாங்கள்?

17ஐயும் 19ஐயும் கண்ணால பிரிக்க ஏலாது, தம்பி. 25க்குக் கீழ மாதிரித் தெரிஞ்சாலே கேட்கிறதெண்டு வைச்சால் அந்தக் குழப்பம் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்லுறன். சனிக்கிழமை, இரவு 7.25. லொட்டோ ரிக்கற் 7.30க்குப் பூட்டும். வரிசை பாண் தட்டு வரைக்கும் நிக்குது. உயரமா, கொஞ்சம் தாடியோட ஒருத்தன் 5 பவுண் ஸ்கிராச் கார்ட் ஒண்டு கேட்டான். நிமிர்ந்தும் பார்க்காமல் கிழிச்சுக் குடுத்தன். பிறகுதான் தெரியும், நாங்கள் ஐடி கேட்கிறமோ எண்டு பார்க்க லொத்தர்க் கம்பனி அனுப்பின ஆள் அவன். அப்படி அனுப்பிற ஆக்கள் 18 தாண்டினவை, பார்க்கத்தான் சின்னன். நான் குற்றம் செய்யேல்லை, ஆனால் ஐடி கேட்கேல்லை, அதால பெயில். அந்தக் கார்டில எனக்குக் கிடைச்ச கொமிஷன் 6 வீதம், 30 பென்ஸ்.

ரூட்டிங் அக்கா ஒருவர்: தெரிஞ்ச ஆக்களின்ர பிள்ளையள் வந்தால்? கோயிலில பார்க்கிற முகம், "மாமி" எண்டு கூப்பிடுதுகள். ஐடி கேட்க வெட்கமாக் கிடக்கு.

எங்கட கடைகளில இதுதான் உண்மையான பிரச்சினை, அக்கா. அந்நியனிட்டக் கேட்டுவிடலாம், ஒண்டைவிட்ட தங்கச்சியின்ர மகனிட்டக் கேட்கிறதுதான் கஷ்டம். ஆனால் யோசிச்சுப் பாருங்கோ: அவன் இப்பதான் ஏ-லெவல் படிக்கத் தொடங்கினவன் எண்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சு வித்தால் அது இன்னும் பிழை. பெடியன் வரமுதல் தாயிட்டச் சொல்லிவிடுங்கோ: "உங்கட மகன் லொத்தர் கேட்டால் குடுக்கமாட்டன், குறை நினைக்காதேங்கோ." ஒரு தாயும் எனக்குக் கோவிச்சதில்லை. தகப்பன்மார் இரண்டொருத்தர் முகத்தைத் திருப்பினவை, போகட்டும். வேலைக்கு நிக்கிற பிள்ளையளுக்கு ஒரே ஒரு வசனம் பழக்குங்கோ: "முதலாளி ஐடி பார்க்காமல் விக்க விடமாட்டார்." பழியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கோ.

லெஸ்ரர்: எந்த ஐடி பார்க்கிறது?

பாஸ்போட், டிரைவிங் லைசன்ஸ், 'பாஸ்' (PASS) ஹோலோகிராம் உள்ள வயது அத்தாட்சி அட்டை. லைசன்ஸில 3 எண்டு போட்ட வரியில பிறந்த திகதி இருக்கும். பள்ளிக்கூட அட்டையும் போனில எடுத்த படமும் வேண்டாம். "எத்தனை வயசு?" எண்டு வாயால கேட்காதேங்கோ, 18 எண்டுதான் சொல்லுவான். சரியா 18 வருசத்துக்கு முந்தின திகதியை காலமை கடை திறக்கேக்க ரில்லுக்குப் பக்கத்தில எழுதி ஒட்டிவிடுங்கோ. 7.25க்குக் கணக்குப் பார்க்க மூளை வேலை செய்யாது.

கொவென்ரி: தகப்பனோட வந்த சின்னப் பிள்ளை "அந்தப் பச்சைக் கார்ட்" எண்டு காட்டினால்?

தகப்பன் காசைக் குடுத்துத் தன் கையில வாங்கினால் பிரச்சினை இல்லை. பிள்ளையின்ர கையில குடுக்காதேங்கோ. "அப்பா காரில இருக்கிறார்" எண்டு நோட்டோட பிள்ளை தனிய வந்தால், அப்பா இறங்கி வரட்டும். வெண்ட கார்டைச் சின்னப் பிள்ளை கொண்டுவந்தாலும் காசு குடுக்கக்கூடாது.

பேர் போடாத ஒருவர்: ஒருநாள் பிழை விட்டால் என்னதான் செய்வாங்கள்?

1993ஆம் ஆண்டு லொத்தர்ச் சட்டத்தில இரண்டு வருசம் வரை சிறைக்கும் இடமிருக்கு. கடைக்காரனுக்கு அதைவிடக் கிட்டத்துப் பயம், தொடர்ந்து சோதனையில தவறினால் லொத்தர் மெஷினையே தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள் எண்டது. லொத்தருக்கு வாற ஆள்தானே பாலும் பாணும் வாங்குது.

அதோட, மறுத்ததை எழுதிவையுங்கோ: "சனி 7.10, சிவப்பு ஜக்கெற், ஸ்கிராச் கார்ட், ஐடி இல்லை", கீழ கையெழுத்து. மூண்டு மாசமா ஒரு வரியும் இல்லாத கொப்பியை ஆரும் நம்பமாட்டாங்கள். கொப்பி தேடி அலைய வேண்டாம், உங்கட கடைத் தட்டிலேயே கிடக்கும்.